41 வருஷ இடைவெளி: மார்கரெட் வேட்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருதுகளில் மூத்தது வேட் ட்ராஃபி. 1978-ல் ஆரம்பித்தது. முதல் தடவை வாங்கியவர் கரோல் பிளேஸ்யோவ்ஸ்கி, அடுத்த இரண்டு வருஷமும் நான்சி லீபர்மன், நம் காலத்தில் கெய்ட்லின் கிளார்க். கிளார்க் பெயரை இங்கேயும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோப்பையில் பெயர் இருக்கிற அந்த வேட் யார் என்று கேட்டால், அமெரிக்காவில் பேஸ்கட்பால் பார்க்கிறவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். "யாரோ பழைய கோச்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

பழைய கோச்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரு பிரமாதமான கல்லூரி ஆட்டக்காரி. அவர் ஆடிய அணியை அவருடைய கல்லூரியே கலைத்தது. 41 வருஷம் கழித்து அதே கல்லூரி அவரையே கூப்பிட்டு, திரும்ப ஓர் அணி கட்டித் தரச் சொன்னது. அவரும் கட்டினார். இது மட்டும் என்றால் ஒரு நல்ல சினிமாக் கதை, அவ்வளவுதான். நடுவில் இருக்கிற அந்த 41 வருஷம்தான் என்னை இதில் இழுத்தது. யாரும் வில்லன் கிடையாது. எல்லோரும் பெண்களின் நல்லதுக்கு என்றுதான் சொன்னார்கள்.

மார்கரெட் வேட் 1912 டிசம்பர் 30-ம் தேதி மிஸிஸிப்பி மாநிலத்தில் மெக்கூல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வாழ்ந்தது, படித்தது, பெரும்பாலும் வேலை பார்த்தது எல்லாம் கிளீவ்லண்டில். ஒஹையோவில் இருக்கிற பெரிய நகரம் இல்லை, மிஸிஸிப்பி டெல்டாவில் இருக்கிற அதே பேர் கொண்ட சிற்றூர். டெல்டா என்றதும் நமக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், ஆறு கடலில் கலக்கிற இடம்தான் ஞாபகம் வரும். மிஸிஸிப்பி டெல்டா அப்படி இல்லை. கடலிலிருந்து ரொம்ப உள்ளே, மிஸிஸிப்பி ஆறும் யாஸூ ஆறும் வெள்ளம் வந்து வந்து வண்டல் சேர்த்த சமவெளி அது. கருப்பு மண், பருத்தி, அந்தப் பருத்தியை எடுத்த கறுப்பின மக்கள், நிலத்துக்குச் சொந்தக்காரர்களான வெள்ளையர்கள். இந்தப் பின்னணியைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1920-களின் நடுவில் அந்த ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று வந்தது. அன்றைக்கு டெல்டா ஸ்டேட் டீச்சர்ஸ் காலேஜ், இன்றைக்கு டெல்டா ஸ்டேட் யுனிவர்சிட்டி. (இந்தக் கல்லூரிக்கு மாணவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட செல்லச் சின்னம் குத்துச்சண்டை கிளவுஸ் போட்ட ஒரு வெண்டைக்காய். சத்தியமாக. 'ஃபைட்டிங் ஓக்ரா' என்று தேடிப் பாருங்கள்.) வேட் இங்கே சேர்ந்து மூன்று சீசன் ஆடினார். அந்த மூன்று சீசனில் அணி 28 ஆட்டம் ஜெயித்தது, 5 தோற்றது, 2 டிரா. அணியின் முக்கியமான ஆள் அவர்தான்.

1932-ல் கல்லூரி பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. சொன்ன காரணம், இளம் பெண்களின் உடம்புக்கு இந்த ஆட்டம் தாங்காது என்பது. அணிப் பெண்கள் அழுதார்கள், அப்புறம் யூனிஃபார்மைக் கொளுத்தினார்கள் என்று வேட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

உடம்பு தாங்காது என்று சொல்லப்பட்ட அந்தப் பெண், படிப்பை முடித்துவிட்டு டூபெலோ ரெட் விங்ஸ் என்ற அரைத்தொழில்முறை அணியில் இரண்டு வருஷம் ஆடினார். முட்டியில் அடிபட்டதால்தான் நிறுத்தினார்.

இந்த "உடம்பு தாங்காது" எங்கிருந்து வந்தது? இங்கே நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார் என்பது தெரிந்த கதை. (அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தவர். நம் ஊர் பள்ளிக்கூட மைதானங்களில் நிற்கிற கூடைக் கம்பங்களுக்கும் இந்த வம்சத்தில் பங்கு உண்டு.) ஆட்டம் பிறந்த சில வாரங்களிலேயே, பக்கத்து ஊர் நார்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் அதைப் படித்துவிட்டுத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

பெரென்சன் விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக் கோடு போட்டார். எந்தப் பகுதியில் நிற்கிறாயோ அதை விட்டு வெளியே வரக்கூடாது. கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அவரவர் கோடு, அவரவர் கட்டம். அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது. ஆட்டம் மூச்சு வாங்காமல், முரட்டுத்தனம் இல்லாமல், நாசூக்காக இருக்க வேண்டும்.

இன்றைக்குப் படிக்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் 1892-ல் நின்று பாருங்கள். பெண்கள் அதிகம் படித்தால் உடம்பு கெட்டுவிடும் என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆசிரியை பெண்களை ஓடவிட்டு வியர்க்கவிட்டு ஒரு குழு ஆட்டம் ஆட வைத்தார். அதற்கு ஊர் வாயை அடைக்கிற விலையாகத்தான் இந்தக் கோடுகளைப் போட்டார் என்று நான் வாசிக்கிறேன். கோடு போடாவிட்டால் ஆட்டமே நடந்திருக்காது.

சிக்கல் என்னவென்றால், ஒரு தலைமுறை சமாளிப்பதற்காகப் போட்ட கோட்டை அடுத்த தலைமுறை வேதமாக எடுத்துக்கொண்டது. 1923-ல் தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பில் பெண்கள் பிரிவு ஒன்று அமைந்தது. தலைவி லூ ஹென்றி ஹூவர், பின்னால் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி. இவர்களும் இவர்களோடு சேர்ந்த உடற்கல்வி ஆசிரியைகளும் கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டிகள் வேண்டாம் என்றார்கள். ஒரு சில கெட்டிக்காரிகள் மட்டும் ஆடி மற்றவர்கள் கைதட்டுவதைவிட, எல்லாப் பெண்களும் கொஞ்சம் கொஞ்சம் ஆடட்டும் என்றார்கள். அதற்கு 'ப்ளே டே' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பல கல்லூரிப் பெண்கள் ஒரே இடத்தில் கூடுவார்கள், கல்லூரி வாரியாக அணி கிடையாது, கலந்து கட்டி ஆடுவார்கள். கோப்பை கிடையாது. ஆட்டத்துக்கு நடுவே டீயும் பிஸ்கட்டும் உண்டு.

அவர்கள் வாதத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்து நிறுவனங்கள் பெண்கள் அணிகளை விளம்பரத்துக்காக நடத்தின. டல்லஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அணியில் ஆடித்தான் பேப் டிட்ரிக்சன் 1931-ல் தேசியப் பட்டம் ஜெயித்தார், பேருக்கு ஆபீஸ் வேலை. ஆண்கள் கல்லூரி விளையாட்டில் பணமும் பந்தயமும் புகுந்துவிட்டிருந்தது கண்ணெதிரே தெரிந்தது. அந்தச் சேறு நம் பெண்கள் மேல் பட வேண்டாம் என்று நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் சேறு வேண்டாம் என்பதற்காகக் குளத்தையே மூடினார்கள். நன்றாக ஆடத் தெரிந்த, ஜெயிக்க ஆசைப்பட்ட பெண்ணிடம் "உனக்கு நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கல்லூரி கல்லூரியாக அணிகள் கலைந்தன. டெல்டா ஸ்டேட் அவற்றில் ஒன்று.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த அக்கறை எல்லாப் பெண்கள் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. வட கரோலினாவில் பென்னெட் கல்லூரி என்ற கறுப்பினப் பெண்கள் கல்லூரி 1930-களில் பலமான அணி வைத்திருந்தது. 1934-ல் ஓரா வாஷிங்டன் ஆடிய ஃபிலடெல்ஃபியா ட்ரிப்யூன் அணியோடு மோதியது. பஞ்சாலைப் பெண்களும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பருத்திக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற பெண்ணின் உடம்பு தாங்குமா என்று யாரும் கமிட்டி போடவில்லை.

சரி, வேட்டிடம் திரும்பி வருவோம். ஆட முடியாது என்றானதும் அவர் கோச் ஆனார். சின்ன ஊர்ப் பள்ளிகளில் ஆரம்பித்து, 1930-களின் நடுவில் கிளீவ்லண்ட் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். 1954 வரை அங்கே பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். கணக்கு: 453 வெற்றி, 89 தோல்வி, 6 டிரா.

இந்த 453-ஐப் படிக்கிறபோது அசந்து போகிறோம். ஆனால் இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். தென் மாநிலங்களின் சிற்றூர்களில் பள்ளிப் பெண்கள் ஆட்டம் நன்றாகவே நடந்தது, ஊரே வந்து பார்க்கும். பதினேழு வயசு வரை உடம்பு தாங்கும், பதினெட்டில் கல்லூரிக்குள் நுழைந்ததும் தாங்காது. இதில் என்ன லாஜிக் என்று கேட்காதீர்கள். டெக்சஸில் வேலண்ட் பாப்டிஸ்ட் மாதிரி ஒன்றிரண்டு கல்லூரிகள் விதிவிலக்கு (1953-லிருந்து 1958 வரை தொடர்ந்து 131 ஆட்டம் ஜெயித்தார்கள்). மற்றபடி வழி கிடையாது. வேட் இருபது வருஷம் போலப் பெண்களைத் தயார் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார், அவர்கள் போய் ஆட அதே ஊரில் இருக்கிற கல்லூரியில் அணி இல்லை. அந்தக் கல்லூரியில் அணி இருந்தது, அதில் தான் ஆடினோம் என்பது வேறு யாரையும்விட அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டம் முடிந்து பெண்கள் ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? அனுமானம் செய்ய எனக்கு உரிமை இல்லை, ஆனால் அந்தக் கேள்வியை விடவும் முடியவில்லை.

1959-ல் டெல்டா ஸ்டேட்டிலேயே பெண்கள் உடற்கல்வித் துறைக்கு வந்தார். அணி அப்போதும் இல்லை. தன்னைக் கலைத்த இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு 14 வருஷம்.

1972 ஜூன் 23-ம் தேதி அமெரிக்காவில் டைட்டில் நைன் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது. மூலத்தில் ஒரே ஒரு வாக்கியம், 37 வார்த்தை. விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. அதைப் பின்னால் நின்று தள்ளிய பாட்ஸி மிங்க், ஈடித் கிரீன் போன்றவர்கள் பேசியது மருத்துவக் கல்லூரி அட்மிஷனையும் பேராசிரியர் வேலையையும் பற்றி. ஆனால் கல்லூரிகளுக்குச் சீக்கிரமே விளங்கியது, இது மைதானம் வரைக்கும் வரும் என்று. அதற்கு முந்தைய வருஷமே பெண்கள் ஆட்டம் ஐந்து பேர், முழு மைதானம் என்று மாறியிருந்தது. பெரென்சனின் கோடுகள் கல்லூரி அளவில் அழிந்துவிட்டன. (அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரை இருந்தது. ஓக்லஹோமாவில் 1995 வரை!)

1973-ல் டெல்டா ஸ்டேட் பெண்கள் அணியைத் திரும்ப ஆரம்பித்தது. கோச்சாக வேட். வயசு 60. பெரும்பாலானவர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கிற வயசு.

அந்த அணிக்கு வந்தவர்களில் ஒருவர் லூசியா ஹாரிஸ். ஊர் மின்ட்டர் சிட்டி, கிளீவ்லண்டிலிருந்து அதிக தூரம் இல்லை. பிறந்தது 1955 பிப்ரவரி, 11 பிள்ளைகளில் 10-வது. அந்த வருஷம் ஆகஸ்டில்தான் அதே லெஃப்ளோர் கவுன்ட்டியிலிருந்து எம்மெட் டில் என்ற 14 வயசுச் சிறுவனைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள், குற்றவாளிகள் விடுதலையும் ஆனார்கள். அந்த மண்ணில் பருத்தி எடுத்து வளர்ந்த பெண். உயரம் 6 அடி 3 அங்குலம். ராத்திரி தூங்கச் சொன்ன பிறகு போர்வைக்குள்ளிருந்து டிவியில் என்பிஏ ஆட்டம் பார்ப்பாராம். முதலில் அல்கார்ன் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போவதாக இருந்தார், அங்கே பெண்கள் அணி இல்லை. டெல்டா ஸ்டேட்டில் புதுசாக அணி வருகிறது என்று சொல்லி அழைத்து வந்தார்கள். விளையாட்டுக்கு என்று பெண்களுக்கு உதவித்தொகை கிடையாது. படிப்பு உதவித்தொகை, கல்லூரியிலேயே பகுதிநேர வேலை, இப்படித்தான் சமாளித்தார். அணியில் ஒரே கறுப்பினப் பெண் அவர்தான்.

அவர்கள் ஆடிய உள்ளரங்கத்தின் பெயர் வால்டர் சில்லர்ஸ் கொலீசியம். வால்டர் சில்லர்ஸ் மிஸிஸிப்பி சட்டசபையில் நெடுங்காலம் சபாநாயகர், இனப் பிரிவினையைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டவர். அவர் பெயர் போட்ட கூரைக்குக் கீழே ஊர் மக்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, லூசியா ஹாரிஸ் ஒவ்வொரு கூடை போடும்போதும் எழுந்து கைதட்டினார்கள். ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம்.

முதல் சீசன் 16 வெற்றி, 2 தோல்வி. இரண்டாவது சீசன் 28 ஆட்டம், 28 வெற்றி.

1975 மார்ச்சில் வர்ஜீனியா மாநிலம் ஹாரிசன்பர்க்கில் தேசிய இறுதி ஆட்டம். எதிரணி இம்மாகுலாட்டா. பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன கத்தோலிக்கக் கல்லூரி, 1972, 73, 74 என்று மூன்று வருஷமும் சாம்பியன். அவர்கள் ஆட்டத்துக்கு சிஸ்டர்கள் அங்கி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து இரும்பு வாளியைத் தட்டி உற்சாகப்படுத்துவார்களாம். கான்வென்ட்டில் படித்தவர்கள் இந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்க்கவும். டெல்டா ஸ்டேட் 90, இம்மாகுலாட்டா 81. ஹாரிஸ் மட்டும் 32 புள்ளி.

அடுத்த வருஷமும் அதே இம்மாகுலாட்டா, 69-64. அதற்கடுத்த வருஷம் எல்எஸ்யூ, 68-55. மூன்று வருஷம், மூன்று பட்டம். அந்த மூன்று சீசனில் 93 வெற்றி, 4 தோல்வி. நடுவில் தொடர்ந்து 51 வெற்றி. அணியைத் திரும்ப ஆரம்பித்து இரண்டாம் வருஷமே நாட்டில் முதல் இடம் என்பதை எப்படி விளக்குவது? ஹாரிஸ் ஒரு காரணம், பெரிய காரணம். ஆனால் அந்த வட்டாரத்தில் பள்ளிப் பெண்கள் ஆட்டம் சாகாமல் இருந்ததும் காரணம் என்று நினைக்கிறேன். கல்லூரிகள் கைவிட்ட ஆட்டத்தைச் சின்ன ஊர்ப் பள்ளிகளும் வேட் மாதிரி கோச்சுகளும் உயிரோடு வைத்திருந்தார்கள். 1973-ல் கதவைத் திறந்தபோது உள்ளே வர ஆள் தயாராக இருந்தது.

ஹாரிஸின் பிற்பாட்டைச் சொல்லாமல் வேட்டை மட்டும் கொண்டாடிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலில் சேர்ந்தது. ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றின் முதல் கூடையைப் போட்டவர் ஹாரிஸ். (எதிரணி ஜப்பான், அந்த ஆட்டத்தில் அமெரிக்கா தோற்றது. கடைசியில் வெள்ளி.) கல்லூரியில் மொத்தம் 2,981 புள்ளி, சராசரி ஆட்டத்துக்கு 25.9. 1977-ல் ஆண்களின் என்பிஏ அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அவரை ஏழாவது சுற்றில், 137-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவர் போகவில்லை. விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தார், தவிர அப்போது கர்ப்பமாக இருந்தார். பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் அடுத்த வருஷம் வந்தது, அதில் கொஞ்ச காலம் ஆடினார், லீக்கே மூன்று சீசனில் முடிந்துபோனது. மனநோயோடும் போராட வேண்டியிருந்தது, அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். டெல்டா ஸ்டேட்டில் உதவி கோச்சாக இருந்தார், பிறகு தான் படித்த அமாண்டா எல்ஸி உயர்நிலைப் பள்ளியிலேயே ஆசிரியை, கோச்.

வேட் ட்ராஃபி முதல் தடவை கொடுக்கப்பட்டது 1978-ல் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஹாரிஸ் கல்லூரி முடித்தது 1977. வேட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரிக்கு வேட்டின் பெயரில் இருக்கிற கோப்பை கிடைக்கவில்லை. (1977-ல் ப்ராடெரிக் கோப்பை வாங்கினார். அது எல்லா விளையாட்டிலும் சேர்த்துச் சிறந்த கல்லூரி வீராங்கனைக்குக் கொடுப்பது, ஆக அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல வரவில்லை.) 1992-ல் நெய்ஸ்மித் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார், அங்கே இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவரைப் பற்றிய 'தி குவீன் ஆஃப் பேஸ்கட்பால்' என்ற குறும்படம் 2022 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். 22 நிமிஷப் படம்தான், தேடிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே பேசுவார்.

வேட் 1979-ல் ஓய்வு பெற்றார். டெல்டா ஸ்டேட் கணக்கு 157 வெற்றி, 23 தோல்வி. 1985-ல் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேம் முதன்முதலாகப் பெண்களுக்கு இடம் கொடுத்தது. மூன்று பேர். ஓக்லஹோமா பள்ளிப் பெண்களுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் பயிற்சி கொடுத்த பெர்த்தா டீக், மார்கரெட் வேட், செண்டா பெரென்சன். பெண்கள் ஆட்டத்தை ஆரம்பித்து அதற்குக் கோடு போட்டவரும், அந்தக் கோட்டின் நீட்சியில் அணியை இழந்தவரும், ஒரே நாளில் ஒரே சுவரில். பெரென்சன் 1954-ல் இறந்துவிட்டார். வேட்டுக்கு 72 வயசு.

பெண்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு மரியாதை வந்த பிறகும் இரண்டு விஷயம் உறுத்துகிறது. டைட்டில் நைன் வந்த 1972-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சம்பளமும் மரியாதையும் ஏறினதும் ஆண்கள் வந்தார்கள். 2014-ல் அது 43 சதவீதம். சம்பளம் சொற்பமாக இருந்த காலம் முழுக்க வேட் மாதிரிப் பெண்கள் சுமந்தார்கள், பணம் வந்ததும் பாதிக்கு மேல் கை மாறிவிட்டது.

இன்னொன்று பதிவேடு. 1970-களில் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற, பெண்களே உருவாக்கிய அமைப்பு. ஆண்கள் விளையாட்டை நடத்திய என்சிஏஏ 1982-ல் பெண்கள் பேஸ்கட்பாலுக்கும் சாம்பியன்ஷிப் ஆரம்பித்தது, ஏஐஏடபிள்யூ மூடப்பட்டது. என் தொழில் பாஷையில் சொன்னால், புது சிஸ்டத்துக்கு மாறும்போது பழைய டேட்டாவை மைக்ரேட் பண்ணாமல் விட்டுவிட்டார்கள். 2024-ல் கெய்ட்லின் கிளார்க் சாதனையை முறியடித்தார் என்று முதல் தடவை செய்தி வந்தபோது தாண்டியது கெல்சி பிளமின் 3,527. என்சிஏஏ கணக்கில் அதுதான் சாதனை. அப்புறம்தான் பலர் எழுப்பினார்கள், கான்சஸின் லினெட் வுட்டர்ட் ஏஐஏடபிள்யூ காலத்தில் 3,649 எடுத்திருக்கிறாரே என்று. அதுவும் மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில், ஆண்கள் ஆடுகிற அதே பெரிய பந்தில். சில நாளில் கிளார்க் அதையும் தாண்டிவிட்டார். சின்னக் கல்லூரியில் ஆடிய பேர்ல் மூர் 4,061-ல் நிற்கிறார்.

டெல்டா ஸ்டேட் பெண்கள் அணி பின்னாலும் தேசியப் பட்டம் ஜெயித்தது, 1989, 1990, 1992-ல். சிறிய கல்லூரிகளுக்கான இரண்டாம் பிரிவில். வேட் 1995 பிப்ரவரி 16-ம் தேதி கிளீவ்லண்டில் இறந்தார், ஆக அவர் இருக்கும்போதே நடந்தது. அந்தக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் எத்தனை என்சிஏஏ பட்டம் வாங்கியிருக்கிறது என்று தேடினால் இந்த மூன்றுதான் வரும். 1975, 76, 77-ஐப் பார்க்க ஏஐஏடபிள்யூ என்று தனியாகத் தேட வேண்டும்.